ஃபைபர் படகுக்குக் குறைந்த செலவில் வி.எச்.எஃப். ஆன்டெனா: வாங்குவதும் நாமே செய்வதும்

அக்கரைப்பேட்டையில் ஃபைபர் படகு வைத்திருக்கும் ஒருவர், போன வாடைக் காலத்தில் தன் வி.எச்.எஃப். (மிக உயர் அலைவரிசை) வயர்லெஸ் செட்டைத் துணிப்பையில் சுற்றி எடுத்து வந்தார். "தம்பி, செட்டின் உயிர் போய்விட்டது. பக்கத்துப் படகு பேசினால்கூடக் கேட்கவில்லை. புதிது வாங்கச் சொல்கிறார்கள்" என்றார். செட்டை மேசையில் வைத்து வேறொரு ஆன்டெனாவில் மாட்டிப் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை. மறுநாள் படகுக்கே போய் ஆன்டெனா கேபிளின் முனையைக் கழற்றினேன். உள்ளே இருந்த செம்பு வலையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. கேபிளையும் கனெக்டரையும் மாற்றியதும் செட் பழையபடி பேசியது. புதிய செட்டுக்கென்று அவர் கடன் கேட்டு வைத்திருந்த தொகையில் சிறு பங்குகூட அதற்கு ஆகவில்லை.

நாகையிலிருந்து கோடியக்கரை வரை இதே கதையைப் பல படகுகளில் பார்த்துவிட்டேன். செட்டுக்குத்தான் எல்லோரும் பணம் போடுகிறார்கள். பேச்சைக் கடலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஆன்டெனாவும் அதன் கேபிளும் இரண்டும் சேரும் இணைப்பும்தான். புதிதாகப் படகு இறக்கும் தம்பிகளும், முதல் முறையாக செட் வைக்கப்போகிறவர்களும் எந்த வரிசையில் என்ன செய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

கைப்பேசி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கிறார்கள். கைப்பேசிக்குக் கரையில் ஒரு கோபுரம் நிற்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை ஏறியபோது, அந்தக் கோபுரங்களுக்கு என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியும். வி.எச்.எஃப். செட்டுக்கு இடையில் எதுவும் தேவையில்லை. படகிலிருந்து படகுக்கு நேராகப் போகும். அதோடு, கைப்பேசியில் ஒருவரைத்தான் அழைக்க முடியும். ஆபத்து அழைப்புக்கு உரிய 16ஆம் சேனலில் ஒரு முறை கூப்பிட்டால், எட்டும் தூரத்தில் அந்தச் சேனலைக் கேட்டுக்கொண்டிருக்கும் படகுகள், கப்பல்கள், கடலோரக் காவல் படை என எல்லோர் காதிலும் ஒரே நேரத்தில் விழும். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. நூறு கடல் மைலுக்கு அப்பால் தங்கு கடலுக்குப் போகும் விசைப்படகுக்கு வி.எச்.எஃப். மட்டும் போதாது. ஒரு நாளில் போய்த் திரும்பும் ஃபைபர் படகுக்கு இதுவே முதல் துணை.

உயரம்தான் முதலில்

கடல் வி.எச்.எஃப். அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் ஓடுபவை. பூமியின் வளைவு குறுக்கே வந்ததும் நின்றுவிடும். அதனால் செட்டின் வாட் கணக்கைவிட ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரத்தில் நிற்கிறது என்பதே தூரத்தைத் தீர்மானிக்கிறது. கணக்கு எளிது. கடல்மட்டத்திலிருந்து ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்குங்கள். எதிரில் இருப்பவரின் உயரத்துக்கும் அப்படியே செய்து, இரண்டையும் கூட்டினால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும்.

படகில் உட்கார்ந்தபடி கையில் பிடிக்கும் வாக்கி டாக்கி தண்ணீரிலிருந்து சுமார் 1.5 மீட்டரில் இருக்கும். அதன் பங்கு 5 கிலோமீட்டர். இரண்டு படகிலும் அப்படியே என்றால் 10 கிலோமீட்டர். அதே செட்டை 4 மீட்டர் உயரத்தில் கட்டிய ஆன்டெனாவில் மாட்டினால் ஒரு படகின் பங்கு 8 கிலோமீட்டரைத் தாண்டும். இரண்டும் சேர்ந்தால் 16 கிலோமீட்டர். கரையில் 30 மீட்டர் கோபுரம் கேட்டுக்கொண்டிருந்தால் அதன் பங்கே 22 கிலோமீட்டருக்கு மேல். இவை மேல் எல்லைகள். கைச் செட்டின் சின்ன ரப்பர் ஆன்டெனா இந்த எல்லையைப் பல நேரம் தொடுவதே இல்லை. 5 வாட் கைச் செட் மட்டுமே வைத்திருப்பவர்கள், 25 வாட் செட்டுக்குப் பணம் சேர்ப்பதற்கு முன் வெளி ஆன்டெனா ஒன்றைக் கம்பத்தில் ஏற்றிப் பார்க்கட்டும் என்று நான் சொல்வது இதனால்தான். 25 வாட் செட் பேசும்போது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5, 6 ஆம்பியர் இழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். சின்னப் படகில் அது சின்னச் சுமை இல்லை.

ஆன்டெனா செங்குத்தாக நிற்க வேண்டும். நம் பெற்றோர் தலைமுறைக்கு இதில் ஒரு பழக்கக் குழப்பம் உண்டு. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியதும், டெல்டாவின் கடற்கரை ஊர்களில் நீளமான குழாய் நட்டு, அலுமினியக் கம்பிகளைப் படுக்கைவாட்டில் வைத்து அதைப் பிடித்தார்கள். அந்தத் தொலைக்காட்சி அலை படுத்த நிலையில் வந்தது. கடல் செட்டின் அலை நின்ற நிலையில் போகிறது. உங்கள் கம்பி சாய்ந்து படுத்துவிட்டால், எதிரில் நிற்கும் ஆன்டெனாவுக்கு உங்கள் குரலில் மிகச் சிறு பங்குதான் போய்ச் சேரும்.

வாங்குவதானால்

உறையில் 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்க வேண்டும். காரின் கூரையில் காந்தத்தால் ஒட்டவைக்கும் ஆன்டெனா கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. பலர் அதை வாங்கி வந்துவிடுகிறார்கள். அது கால் அலை நீளக் கம்பி. அதற்குக் கீழே ஒரு இரும்புத் தளம் இருந்தால்தான் வேலை செய்யும். காருக்குக் கூரை இருக்கிறது. ஃபைபர் படகில் அப்படி எதுவும் இல்லை. நமக்கு வேண்டியது தளம் தேவைப்படாத அரை அலை ஆன்டெனா. கடையில் "கிரவுண்ட் பிளேன் வேண்டாத வகை" என்று கேளுங்கள்.

அடுத்த பொறி டெசிபல், அதாவது ஆன்டெனா அலையை எவ்வளவு குவித்து அனுப்புகிறது என்பதன் அளவு. 3, 6, 9 என்று எண் ஏற ஏற விலையும் ஏறும். பெரிய எண் நல்லது என்று தோன்றும். ஆன்டெனா புதிதாக சக்தியை உண்டாக்குவதில்லை. எல்லாப் பக்கமும் வெளிச்சம்போலப் பரவும் அலையை அமுக்கித் தட்டையாக்கி அடிவானத்தை நோக்கி அனுப்புகிறது, அவ்வளவுதான். எண் கூடக் கூடத் தட்டு மெலியும். பெரிய கப்பல் அசையாமல் நிற்பதால் மெலிந்த தட்டு அதற்குப் பொருந்தும். நம் படகு கச்சான் காற்றில் தொட்டில்போல ஆடும்போது, அந்தத் தட்டு ஒரு முறை வானத்தையும் ஒரு முறை தண்ணீரையும் பார்க்கும். எதிரில் இருப்பவருக்குக் குரல் விட்டு விட்டுக் கேட்கும். ஃபைபர் படகுக்கு 3 டெசிபல், ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அதற்கு மேல் வேண்டாம்.

கேபிள்

கேபிள் 50 ஓம் வகையாக இருக்க வேண்டும். கேபிள் டி.வி. கம்பி வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று எடுக்காதீர்கள். அது 75 ஓம். அதன் வலை பெரும்பாலும் அலுமினியம். ஈயம் பிடிக்காது, உப்புக்காற்றுக்கும் தாங்காது.

மெலிந்த ஆர்.ஜி. 58 கேபிள் 10 மீட்டர் ஓடினால் சுமார் 2 டெசிபல் தின்றுவிடும். செட் 25 வாட் கொடுத்தாலும் ஆன்டெனாவுக்கு 16 வாட்தான் போகும். தடித்த ஆர்.ஜி. 213இல் அதே தூரத்துக்கு இழப்பு ஒரு டெசிபலுக்குள். ஆனால் ஃபைபர் படகில் 5 மீட்டரே போதும் என்பதால் ஆர்.ஜி. 58 வாங்கினால் பெரிய குற்றமில்லை. மிச்சக் கேபிளைச் சுருட்டி வைக்காமல் அளவாக வெட்டுங்கள். வலை வெள்ளி நிறத்தில், ஈயம் பூசிய செம்பாகக் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் கொடுத்தாவது அதையே வாங்குங்கள். களிம்பு ஏற நெடுநாள் ஆகும்.

நாமே செய்வது

16ஆம் சேனலின் அலைவரிசை 156.8 மெகாஹெர்ட்ஸ். 300ஐ அதனால் வகுத்தால் அலையின் நீளம் 1.91 மீட்டர். அதில் கால் பங்கு சுமார் 48 சென்டிமீட்டர்; உலோகக் கம்பியில் கொஞ்சம் குறைத்து 45, 46 என்று வரும். மேலே ஒரு கால், கீழே ஒரு கால், இரண்டும் சேர்ந்தால் அரை அலை. கீழ்க் காலைக் குழாயாக வைத்து, கேபிளை அதன் நடுவே விடுகிறோம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி எதுவும் இல்லாததால் மீன் வலையும் கயிறும் மாட்டாது. இந்த வகையை நான் படகுக்கு விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

தேவையான சாமான் எல்லாம் நாகை, காரைக்கால் கடைத்தெருவிலேயே கிடைக்கும். 25 மில்லிமீட்டர் மின்சார பி.வி.சி. குழாய் ஒன்றே கால் மீட்டர், அதற்கு ஒரு மூடி. குளிர்சாதன மெக்கானிக் கடையில் 16 மில்லிமீட்டர் தாமிரக் குழாய் 44 சென்டிமீட்டர். வெல்டிங் கடையில் 3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி 48 சென்டிமீட்டர். மேலே மருந்து பூசாத வெறும் கம்பியாகப் பார்த்து எடுங்கள். ஆர்.ஜி. 58 கேபிள், அதைச் செட்டில் மாட்டும் பி.எல். 259 கனெக்டர், ஈயம், ஒட்டுப்பசை. செட்டைத் தவிர்த்து எல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாய்க்குள் அடங்கும்.

முதலில் தாமிரக் குழாயின் ஒரு முனையில் விரல்நீளச் செம்புக் கம்பி ஒன்றை அந்த மெக்கானிக்கையே பற்றவைத்துத் தரச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டுக் கேபிள் வலையை நேராகக் குழாயில் ஈயம் வைக்கப் போனால், தடித்த குழாய் சூட்டை எல்லாம் குடித்துவிடும். அது சூடேறும்வரை காத்திருந்தால் கேபிளின் உள் பிளாஸ்டிக் உருகி, நடுக் கம்பி வலையைத் தொட்டுவிடும். முதல் முறை செய்கிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் தோற்கிறார்கள்.

அடுத்து, கேபிளைக் குழாயின் அடிப்பக்கத்திலிருந்து நுழைத்து மேலே எடுங்கள். முனையில் 3 சென்டிமீட்டர் அளவுக்கு மேலுறையை உரித்து, வலையைப் பிரித்து முறுக்கி, குழாயில் பற்றவைத்த செம்புக் கம்பியோடு ஈயம் வையுங்கள். நடுக் கம்பியைப் பித்தளைக் கம்பியின் அடியில் சுற்றி ஈயம் வையுங்கள். பித்தளைக் கம்பிக்கும் குழாயின் விளிம்புக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அதை நிறுத்திவைக்க, தடித்த பிளாஸ்டிக் துண்டு ஒன்றை நடுவில் துளையிட்டு அடைப்பானாக்குங்கள். கேபிள் குழாயின் நடுவில் நிற்கும்படி மூன்று இடத்தில் டேப்பை வளையமாகச் சுற்றி விடுங்கள். ஸ்பஞ்ச் வேண்டாம், ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

குழாயின் அடி முனை கேபிளின் வலையோடு எங்கும் சேரக் கூடாது. மேல் முனையில் மட்டும்தான் இணைப்பு. "உறுதியாக இருக்கட்டும்" என்று அடியிலும் ஈயம் வைத்துவிட்டுப் பிறகு ஆன்டெனா வேலை செய்யவில்லை என்று வருந்தியவர்களை எனக்குத் தெரியும்.

இந்த முழு அமைப்பையும் பி.வி.சி. குழாய்க்குள் இறக்குங்கள். அடியில் முப்பது சென்டிமீட்டர் அளவுக்கு வெறும் பி.வி.சி. மிஞ்சும், கிளாம்ப் பிடிப்பதற்கு அந்தப் பகுதிதான். கேபிள் வெளியே வரும் இடத்தில், உள்ளங்கை அகலத்தைவிடச் சின்னதாக, 5 சென்டிமீட்டர் விட்டத்தில் ஐந்து சுற்று சுருட்டி டேப்பால் கட்டுங்கள். கேபிளின் மேல் வலையில் அலை ஓடிப் படகுக்குள் இறங்காமல் இந்தச் சுருள் தடுக்கும். இப்போது எதையும் நிரந்தரமாக ஒட்டாதீர்கள்.

கம்பியை வெட்டிச் சரிசெய்வது

பி.வி.சி. உறைக்குள் போனதும் கம்பி தன் உண்மை நீளத்தைவிடக் கொஞ்சம் நீளமானதுபோல நடந்துகொள்ளும். அதனால்தான் 48 சென்டிமீட்டரில் தொடங்கச் சொன்னேன். முடிவில் 44க்கும் 46க்கும் நடுவே எங்காவது நிற்கும். எங்கே என்று சொல்ல எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வேண்டும். அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவால் திருப்பி அனுப்பப்படுகிறது என்பதன் அளவு அது. 1.5 என்றால் நூற்றில் நான்கு பங்கு திரும்புகிறது, நல்ல ஆன்டெனா. 2 என்றால் பதினொன்று, பொறுத்துக்கொள்ளலாம். 3 என்றால் இருபத்தைந்து, செட்டுக்கே கெடுதல். மீட்டர் வாங்கும்போது வி.எச்.எஃப்.க்கு உரியதா என்று பாருங்கள். 27 மெகாஹெர்ட்ஸ் மீட்டர் இங்கே பொய் சொல்லும். இதையே அளக்கும் நானோ வி.என்.ஏ. என்ற கையடக்கக் கருவி இப்போது மலிவாகக் கிடைக்கிறது. பத்துப் படகுக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினால் ஊருக்கே போதும். அமெச்சூர் வானொலி உரிமம் வைத்திருப்பவர்கள் அருகில் இருந்தால் கேளுங்கள், மகிழ்ச்சியோடு வந்து பார்த்துக் கொடுப்பார்கள்.

மீட்டரைச் செட்டுக்கும் கேபிளுக்கும் நடுவே மாட்டி, ஆன்டெனாவை ஆள் உயரத்துக்கு மேல், சுற்றிலும் இரும்பு இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். செட்டை 1 வாட்டில் வையுங்கள். 16ஆம் சேனலில் சோதிக்கக் கூடாது. அது ஆபத்தில் இருப்பவருக்கு உரியது. படகுக்குப் படகு பேசும் 72 அல்லது 77ஆம் சேனலில், யாரும் பேசாத நேரம் பார்த்து, இரண்டு நொடி மட்டும் அழுத்திப் பாருங்கள். பித்தளைக் கம்பியின் நுனியில் அரை சென்டிமீட்டர் வெட்டுங்கள், மறுபடி உள்ளே வைத்து அளவெடுங்கள். எண் குறைந்துகொண்டே வரும். குறைவது நின்றதும் வெட்டுவதை நிறுத்துங்கள். அவசரப்பட்டு ஒரே வெட்டில் இரண்டு சென்டிமீட்டர் எடுத்தால் கம்பி வீண்.

மீட்டரே கிடைக்காவிட்டால் 45 சென்டிமீட்டரில் நிறுத்தி, 1 வாட்டில் மட்டும் பயன்படுத்துங்கள். 25 வாட்டுக்குப் போகும் முன் யாரிடமாவது அளந்துவிட வேண்டும்.

மல்டிமீட்டரால் ஒரு சோதனை: நாம் செய்த ஆன்டெனாவில் கனெக்டரின் நடு ஊசிக்கும் வெளி உடம்புக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. கடையில் வாங்கியவற்றில் சில, அமைப்பின்படியே தொடர்பு காட்டும். அது பழுது அல்ல.

உப்பிலிருந்து காப்பது

செய்து முடித்த ஆன்டெனாவைக் கொல்வது உப்பும் ஈரமும்தான். மேல் மூடியைப் பசை போட்டு முழுதாக அடையுங்கள். அடியில் மட்டும் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை விடுங்கள். உள்ளே வியர்க்கும் நீர் வடிந்துவிடும். எல்லாப் பக்கமும் அடைத்த குழாயில்தான் தண்ணீர் தங்குகிறது. கேபிள் செட்டுக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். மழைநீர் அங்கேயே சொட்டும். திறந்த வெளியில் இருக்கும் கனெக்டருக்குத் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றி, அதன்மேல் சாதாரண டேப் சுற்றுங்கள். படகுக்கு ஃபைபர் ஒட்டும் பட்டறையில் கேட்டால் கொஞ்சம் கண்ணாடியிழைப் பாயும் ரெசின் பசையும் கொடுப்பார்கள். குழாயின் மூடியையும் கிளாம்ப் பிடிக்கும் இடத்தையும் அதனால் சுற்றினால் வெயிலில் பி.வி.சி. நொறுங்காது. படகுக்கு அடிக்கும் பெயின்டைக் குழாய்க்கும் அடிக்கலாம். அலுமினியப் பொடி கலந்த வெள்ளி பெயின்ட் மட்டும் கூடாது, அது அலையை மறைக்கும்.

கம்பத்துக்கு மூங்கிலே போதும். இரும்புக் குழாய் என்றால் ஆன்டெனாவின் தாமிரப் பகுதி முழுதும் இரும்பின் நுனிக்கு மேலே நிற்க வேண்டும். வலை இழுக்கும் பக்கத்தைத் தவிர்த்து, படகின் பின்புறத்தில் என்ஜின்காரருக்கு இடைஞ்சல் இல்லாத மூலையில் நடுங்கள். இடி மின்னல் நெருங்கினால் கம்பத்தைச் சாய்த்து, கேபிளை செட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் இருக்கிறது. கனெக்டர்களைத் திறந்து பார்த்துக் களிம்பு ஏறியவற்றை வெட்டி மாற்ற அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

செட்டுக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் வேண்டும். விண்ணப்ப வழியை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். எல்லா அலைவரிசையிலும் பேசும் மலிவுக் கைச் செட்டுகளை நம்பி இறங்காதீர்கள். தண்ணீர் பட்டால் அவை தாங்காது. ஒரு எண் தவறினால் வேறு துறையின் அலைவரிசையில் போய் விழும்.

கடலில் முதல் நாள்

காற்று குறைந்த ஒரு விடியலில், நல்ல செட் வைத்திருக்கும் பக்கத்துப் படகுக்காரரிடம் முன்பே சொல்லி வையுங்கள். அவர் கரையோரம் நிற்க, நீங்கள் ஐந்து பாகம், பத்துப் பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறு அடி) என்று ஆழம் கூடிக்கொண்டே போங்கள். ஒவ்வோர் இடத்திலும் நின்று, முதலில் 1 வாட்டிலும் பிறகு செட்டின் முழு வாட்டிலும் அழையுங்கள். ஜி.பி.எஸ். காட்டும் தூரத்தையும், குரல் தெளிவா, இரைச்சலா, அறவே இல்லையா என்பதையும் எழுதுங்கள். திரும்பி வரும்போது, கைச் செட்டானால் அதன் ரப்பர் ஆன்டெனாவை மாட்டி அதே இடங்களில் மறுபடி பேசிப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் அமைதியான காலைகளில் வழக்கமில்லாத தூரத்துக் குரல்கள் கேட்கும். கடல்மேல் நிற்கும் காற்றடுக்குகள் அலையை வளைத்துக் கொண்டுவருவதால் அப்படி நடக்கிறது. அன்று கிடைத்த தூரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சாதாரண நாளில் குரல் உடையத் தொடங்கிய தூரம் எதுவோ, அதை அழியாத மையால் செட்டின் பெட்டி மூடியின் உட்பக்கத்தில், பார்த்த தேதியோடு எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே தூரத்தில் குரல் உடைந்தால் செட்டைக் கழற்றாதீர்கள். முதலில் கனெக்டரைத் திறந்து பாருங்கள்.